ஆசிரியர் வேலையிலிருந்து மக்களவைக்கு: எப்போது வேலையை விடணும், மனு எங்கே தாக்கல்? (சேலம், ஏற்காடு)

கோரிமேடு கேட்டது:

வணக்கம். ஆசிரியர் சங்க இதழ் ஒன்றுக்கு, வகுப்பறையிலிருந்து நாடாளுமன்றம் போவது பற்றி ஒரு கட்டுரை தயாராகிறது. பொதுவான தேர்தல் விதிகள் எல்லா இடத்திலும் கிடைக்கின்றன. சர்வீஸில் இருக்கும் ஆசிரியர் என்ன செய்யணும் என்று யாரும் தெளிவாக எழுதவில்லை. உதாரணத்துக்கு இப்படி ஒருவரை வைத்துக்கொள்வோம்: அரசு கலைக் கல்லூரியில் இணைப் பேராசிரியர், 2001-ல் சேர்ந்தவர், வயது 49. கட்சி சீட் அறிவித்த பிறகு ராஜினாமா கொடுத்தால் போதுமா? நீண்ட விடுப்பு போட்டுவிட்டு நிற்கலாமா, தோற்றால் திரும்பி வரலாமா? உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி ஆட்களுக்கு என்ன நிலை? ஏற்காடு மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர் சேலம் தொகுதியில் நிற்க முடியுமா?

இன்னொன்று. இந்தப் பக்கத்திலிருந்து முன்னால் போனவர் யார்? யாரைக் கேட்டாலும் ராதாகிருஷ்ணன் என்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

முதலில் விடுப்பு விஷயம். எந்த விடுப்பாக இருந்தாலும், சம்பளமில்லா விடுப்பாகவே இருந்தாலும், பதவி உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் 102-வது பிரிவு, அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் எம்.பி. ஆக முடியாது என்கிறது. அது பார்ப்பது பதவியை. நீங்கள் அந்த மாதம் வகுப்பு எடுத்தீர்களா, சம்பளம் வாங்கினீர்களா என்பது அதற்குக் கணக்கில்லை. அதனால் விடுப்பில் நிற்கும் யோசனையை விட்டுவிடுங்கள். தோற்றால் திரும்பி வரும் உரிமையும் கிடையாது.

அடுத்து தேதி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் நாள் வாக்குப்பதிவு நாளும் இல்லை, மனு கொடுக்கும் நாளும் இல்லை. மனுப் பரிசீலனை நாள். 1951-ம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 36-வது பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் அரசு ஊழியர் இல்லை என்று காட்டக் கையில் காகிதம் வேண்டும். காகிதம் என்றால் நீங்கள் எழுதிக் கொடுத்த ராஜினாமா கடிதத்தின் நகல் இல்லை. நியமன அதிகாரி அதை ஏற்று, இன்ன தேதியிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று போட்ட ஆணை.

இப்போது 2024 தேர்தல் காலண்டரை எடுத்துப் பாருங்கள். தேர்தல் அறிவிப்பு மார்ச் 16. தமிழ்நாட்டுக்கு அறிவிக்கை மார்ச் 20. மனுவுக்குக் கடைசி நாள் மார்ச் 27. பரிசீலனை 28. அறிவிப்பிலிருந்து பரிசீலனை வரைக்கும் 12 நாள்தான். சில சமயம் கட்சி வேட்பாளர் பட்டியல் அதற்கும் பிந்தித்தான் வரும். அந்த நாட்களுக்குள் கல்லூரி முதல்வர், மண்டல இணை இயக்குநர், இயக்குநரகம் என்று கோப்பு நகர்ந்து ஆணை கைக்கு வந்து சேரணும். நடக்காது என்று சொல்லவில்லை, அதை நம்பி இறங்கக் கூடாது.

ராஜினாமாவா, விருப்ப ஓய்வா என்பதில் பென்ஷனே அடங்கியிருக்கிறது. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-ன்படி ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த சர்வீஸ் போயிற்று. நீங்கள் சொன்ன ஆள் 2001-ல் சேர்ந்தவர், அதாவது 2003 ஏப்ரல் 1-க்கு முன்னால், பழைய பென்ஷன் திட்டக்காரர். அவர் அவசரத்தில் ஒரு வரி ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இருபது வருஷத்துக்கு மேற்பட்ட சர்வீஸுக்கான பென்ஷனைத் தூக்கிக் கொடுத்த மாதிரி. அவருக்கு வயது 50 ஆகவில்லை, ஆனால் 20 வருடத் தகுதிச் சர்வீஸ் முடிந்துவிட்டது. இரண்டில் ஒன்று இருந்தாலே அடிப்படை விதி 56(3)-ன் கீழ் விருப்ப ஓய்வு கேட்கலாம். ஆனால் மூன்று மாத நோட்டீஸ் உண்டு. மார்ச் கடைசியில் பரிசீலனை என்றால் டிசம்பர் இருபதுக்குள் நோட்டீஸ் கொடுத்திருக்கணும். அந்தச் சமயத்தில் சீட்டு யாருக்கு என்று கட்சித் தலைமைக்கே தெரிந்திருக்காது! அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு உண்மையான தடை இந்த மூன்று மாதம்தான். சீட் உறுதியில்லாமலேயே வேலையை விடும் துணிச்சல் வேண்டும், அல்லது பென்ஷனை விடும் துணிச்சல் வேண்டும்.

விருப்ப ஓய்வு கேட்பவர் மேல் துறை நடவடிக்கை ஏதாவது நிலுவையில் இருந்தால் அனுமதி கிடைக்காது. பழைய தணிக்கைத் தடை, தேர்வுப் பணி முன்பணம் கணக்கு முடிக்காதது மாதிரிச் சின்ன விஷயங்களை ஆறு மாதம் முன்பே முடித்து வைப்பது நல்லது.

இன்னொரு கண்ணி, வயது முதிர்வில் ஓய்வு பெறுகிறவர்களுக்கு. கல்வியாண்டு நடுவில் ஓய்வு வயது வந்தால் அந்த ஆண்டு முடியும் வரை மறுநியமனம் கொடுப்பார்கள். ‘நான் அக்டோபரிலேயே ரிட்டயர்ட்’ என்று மார்ச்சில் மனு கொடுப்பவர் மறுநியமனத்தில் இருந்தால், பரிசீலனை நாளில் அவர் அரசின் கீழ் பதவியில்தான் இருக்கிறார். எதிர்த் தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் தேடுவார். மறுநியமனம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, பணியிலிருந்து விடுவித்த ஆணையை வாங்கி வைத்துக்கொள்ளணும்.

அயோத்தியாப்பட்டணம் எழுதியது:

செவ்வாய்ப்பேட்டைக்காரர் சர்வீஸ் பக்கத்தை முடித்துவிட்டார். நான் தொகுதிக்கு வருகிறேன், ஏனென்றால் ஏற்காடு கேள்வியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது.

சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதி. ஆனால் சேலம் மக்களவைத் தொகுதியில் ஆறுதான்: ஓமலூர், எடப்பாடி, சேலம் மேற்கு, சேலம் வடக்கு, சேலம் தெற்கு, வீரபாண்டி. ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் இருக்கின்றன. மேட்டூர் தருமபுரிக்கும் சங்ககிரி நாமக்கல்லுக்கும் போய்விட்டன. மலையடிவாரத்திலிருந்து பார்த்தால் சேலம் டவுன் கண்ணுக்கெதிரே தெரியும், ஓட்டு மட்டும் கள்ளக்குறிச்சிக்கு. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கியது, அது இடம்பெறும் கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதி பொது. இதையும் கட்டுரையில் பிரித்து எழுதுங்கள், பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஏற்காட்டில் ஓட்டு உள்ளவர் சேலத்தில் நிற்கலாமா என்றால், தாராளமாக. மக்களவைக்கு இந்தியாவில் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும் போதும். ஆனால் வேறு தொகுதி வாக்காளர் என்றால் தன் பெயர் உள்ள வாக்காளர் பட்டியல் பகுதியின் சான்றிட்ட நகலைக் காட்டணும். உண்மையான சிக்கல் முன்மொழிபவர்களிடம். அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்கும் பதிவு மட்டும் பெற்ற கட்சிக்கும் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் நிற்கிற தொகுதியின் வாக்காளராக இருக்கணும். மலை ஆசிரியர் தன் ஊர்க்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டிவந்து சேலம் மனுவில் கையெழுத்து வாங்கினால் பத்தும் செல்லாது. வாழப்பாடியிலிருந்து கூட்டி வந்தாலும் அதே கதிதான், அதுவும் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி.

பத்துக்குப் பதில் பன்னிரண்டு பேரை ஒரே தாளில் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். படிவம் 2அ-வில் இடம் பத்துக்குத்தான். ஒரு வேட்பாளர் நான்கு மனு வரை கொடுக்கலாம், அதனால் வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனு போட்டு வைப்பதுதான் பாதுகாப்பு. டெபாசிட் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே: 25,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 12,500. செக் வாங்க மாட்டார்கள், ரொக்கம் அல்லது கருவூலச் சலான். செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் போய்விடும்.

பாக எண், வரிசை எண் இரண்டையும் அந்த ஆண்டின் இறுதிப் பட்டியலிலிருந்து எடுங்கள். அடையாள அட்டையைப் பார்த்தோ பழைய பூத் சிலிப்பைப் பார்த்தோ எழுதினால் பட்டியல் திருத்தத்தில் எண்கள் மாறியிருக்கும். எழுத்துப் பிழைக்கு மனுவைத் தள்ள மாட்டார்கள், ஆனால் ஆளையே பட்டியலில் கண்டுபிடிக்க முடியாவிட்டால் தள்ளலாம்.

நேரம் காலை 11 முதல் பிற்பகல் 3. சேலத்துக்கு சேலம் கலெக்டர் தேர்தல் அதிகாரி. கள்ளக்குறிச்சித் தொகுதி என்றால் மலையிலிருந்து இறங்கி கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகணும். கட்சி வேட்பாளருக்கு, இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கும் படிவம் அ, படிவம் ஆ இரண்டும் கடைசி நாள் 3 மணிக்குள் போய்ச் சேரணும். அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற வேட்பாளர் உறுதிமொழியை மனு கொடுத்த பிறகுதான் எடுக்கலாம், பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்து முடிக்கவும் வேண்டும். கடைசி நாள் இரண்டே முக்காலுக்கு வந்து மனு கொடுத்துவிட்டு, ‘நாளைக்குப் பரிசீலனைக்கு வரும்போது எடுத்துக்கலாம்’ என்று கிளம்பினால் ஆட்டம் அன்றைக்கே முடிந்தது.

கோரிமேடு:

ரொம்ப நன்றி. வாழப்பாடி விஷயம் உண்மையிலேயே தெரியாது. படிவம் 26-ல் ஆசிரியர்களுக்கென்று தனியாகக் கவனிக்க ஏதாவது உண்டா? உதவி பெறும் கல்லூரிக்காரர்கள் பாடு என்ன?

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் அரசுக் குடியிருப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது. கடந்த பத்து வருடத்தில் குவார்ட்டர்ஸில் இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், டெலிபோன் நான்குக்கும் பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும். மலைப்பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு இது பொருந்தும், விடுதிக் காப்பாளர் குடியிருப்பு இருந்தால் அதையும் விடாதீர்கள். தனக்கும் மனைவிக்கும் சார்ந்தோருக்கும் ஐந்து வருட வருமான வரி விவரம், பி.எஃப்., எல்.ஐ.சி., கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கக் கடன் வரை எல்லாம் வரணும். ஆசிரியர்கள் மறப்பது அந்தச் சங்கக் கடனைத்தான்.

எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். இல்லையென்றால் ‘இல்லை’, பொருந்தாதென்றால் ‘பொருந்தாது’ என்று எழுதணும். கோடு இழுத்து விடக் கூடாது. 2013-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியாயிற்று: காலி இடத்தை நிரப்பச் சொல்லி அதிகாரி நினைவூட்டணும், அப்புறமும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம்.

உதவி பெறும் கல்லூரி. சம்பளம் அரசுப் பணம், நியமனம் நிர்வாகத்துடையது. ஆதாயப் பதவியா என்று பார்க்க நீதிமன்றங்கள் கேட்கும் கேள்விகள்: நியமிப்பது யார், நீக்குவது யார், சம்பளம் எதிலிருந்து, வேலையைக் கட்டுப்படுத்துவது யார்? இதில் ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. மௌலானா அப்துல் ஷகூர் அஜ்மீரிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானவர். தர்கா குவாஜா சாகிப் சட்டத்தின் கீழ் அமைந்த கமிட்டி நடத்திய பள்ளிக்கு மேலாளர், மாதம் 100 ரூபாய் சம்பளம். கமிட்டியை அமைப்பது மத்திய அரசு, ஆகவே இவரும் அரசுப் பதவிதான் என்று எதிர்த் தரப்பு வாதம். 1957-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரை நியமித்தது கமிட்டி, சம்பளம் தர்கா நிதியிலிருந்து, அரசு அவரை நேரடியாக நீக்க முடியாது, எனவே ஆதாயப் பதவி இல்லை என்றது.

உதவி பெறும் கல்லூரியில் மூன்று கேள்விக்கு அந்த வழக்கு மாதிரியே பதில் வரும், சம்பளக் கேள்விக்கு மட்டும் வராது. அதனால் ஜெயித்த பிறகு வழக்கு வேண்டாம் என்பவர் விலகிவிட்டு நிற்பது நல்லது. சுயநிதிக் கல்லூரி ஆசிரியருக்கு 102-வது பிரிவால் தொல்லையே இல்லை. அவருக்கு இருப்பதெல்லாம் நிர்வாகத்தின் நியமன ஒப்பந்தம்தான், அதில் அரசியல் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று பார்க்கணும். அரசுக் கல்லூரி கௌரவ விரிவுரையாளர்கள் தொகுப்பூதியம்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், மனுவுக்கு முன்பே விலகி, முதல்வரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஒண்டிக்கடை எழுதியது:

முன்னோடி பற்றி. ராதாகிருஷ்ணன் பேராசிரியர்தான், 1952 முதல் 1962 வரை குடியரசுத் துணைத் தலைவராக மாநிலங்களவையை நடத்தியவர். அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினர். ஆனால் மக்களிடம் ஓட்டுக் கேட்டு எம்.பி. ஆனவர் இல்லை. ஆசிரியர் தினக் கட்டுரையில் வேண்டுமானால் வையுங்கள், இந்தக் கட்டுரைக்கு அவர் பொருந்த மாட்டார்.

நம் பக்கத்துக்குச் சரியான பெயர் பேராசிரியர் க. அன்பழகன். ஊர் திருவாரூர் பக்கம் காட்டூர், பிறந்தது 1922 டிசம்பர் 19, இயற்பெயர் ராமையா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. 1944 முதல் 1957 வரை சென்னை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் ஆசிரியர். 1957-ல் எழும்பூரிலிருந்து சட்டமன்றம், 1962 முதல் 67 வரை மாநிலச் சட்ட மேலவை, 1967-ல் திருச்செங்கோடு தொகுதியிலிருந்து மக்களவை. 1971-ல் மாநில அரசியலுக்குத் திரும்பி சுகாதார அமைச்சர், பிற்பாடு கல்வி, நிதி. 2020 மார்ச் 7-ல் மறைந்தார். வகுப்பறையை விட்டு அறுபது வருடம் கழித்தும் கட்சிக்காரர்கள் பெயரைச் சொல்லாமல் ‘பேராசிரியர்’ என்றே சொல்லி வந்தார்கள்.

நீங்கள் எழுதும்போது அவரை ‘நாமக்கல் எம்.பி.’ ஆக்கிவிடாதீர்கள். 1967-ல் திருச்செங்கோடு சேலம் மாவட்டம், நாமக்கல் மாவட்டம் பிரிந்தது 1997-ல். திருச்செங்கோடு மக்களவைத் தொகுதி 2004 தேர்தலோடு சரி, தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு 2009-லிருந்து கிடையாது. இப்போதைய வரைபடத்தை வைத்து அன்றைய தொகுதியைத் தேடினால் தப்பாகத்தான் வரும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரர் சொன்ன நோட்டீஸ் கணக்கோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய விஷயம் ஒன்று. பச்சையப்பன் அறக்கட்டளைக் கல்லூரி. 1930-லேயே மத்திய சட்டசபைக்குப் போன என்.ஜி. ரங்காவும் அதற்கு முன் அதே கல்லூரியில்தான் பொருளாதாரம் நடத்தினார். மது தண்டவதே பம்பாய் சித்தார்த் கல்லூரியில் இயற்பியல், அதுவும் கல்விச் சங்கம் நடத்தும் கல்லூரி. 1971-ல் ராஜாப்பூரிலிருந்து மக்களவை, தொடர்ந்து ஐந்து முறை. 1977-ல் ரயில்வே அமைச்சர் ஆனதும் இரண்டாம் வகுப்பு மரப்பலகைப் படுக்கையில் இரண்டு அங்குல ஃபோம் போட வைத்தவர் அவர். மூன்று பேரும் தனியார் நிர்வாகக் கல்லூரி. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அரசுக் கல்லூரிக்காரருக்குச் சட்டம் வைத்திருக்கும் வாசல் குறுகல்.

சுற்று வழிகள் இரண்டு இருந்தன. ஒன்று சட்ட மேலவையின் ஆசிரியர் தொகுதி: உறுப்பினரில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்களே தேர்ந்தெடுப்பார்கள், உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில் ஆறு வருடத்தில் மூன்று வருடம் பாடம் நடத்தியிருந்தால் ஓட்டு. ஆசிரியர்கள் அரசியல் பழகிய இடம். தமிழ்நாட்டில் 1986 நவம்பரோடு மேலவையே போய்விட்டது. இன்னொன்று மாநிலங்களவை நியமனம், 12 இடம். இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, கல்வி என்று தனியாக இல்லை. அப்படியும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மால்கம் ஆதிசேஷய்யா 1978-ல் அந்த வழியில் போனார்.

ஜங்ஷன் ரோடு எழுதியது:

செலவுக் கணக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மக்களவைக்கு வேட்பாளர் செலவு உச்சவரம்பு 95 லட்சம். மனு கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பாவது தேர்தலுக்கென்றே புது பேங்க் கணக்கு. சம்பளக் கணக்கையே பயன்படுத்தக் கூடாது. ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கம் கூடாது. பிரசாரக் காலத்தில் மூன்று முறை செலவுப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டணும். ரிசல்ட் வந்து 30 நாளில் கணக்கு ஒப்படைக்கணும். தோற்றவர்கள்தான் இதை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் மூன்று வருடம் எந்தத் தேர்தலிலும் நிற்கத் தடை வருகிறது.

ஜெயித்தபின் ஆசிரியர் எம்.பி.க்கள் சறுக்குவது கேள்வி நேரத்தில். சேலத்தில் இன்ன பள்ளிக்குக் கட்டடம் இல்லை என்று கேட்டால் மாநில விவகாரம் என்று செயலகமே தள்ளிவிடும். கல்வி 42-வது திருத்தத்துக்குப் பிறகு பொதுப்பட்டியலில் இருந்தாலும், மத்திய அமைச்சர் பதில் சொல்லக் கடமைப்பட்ட விஷயமாக இருக்கணும். அதே கட்டடத்தை மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா நிதியில் எந்த ஆண்டு எவ்வளவு ஒப்புதல், எவ்வளவு விடுவிப்பு என்று கேட்டால் உள்ளே வரும். மலைப்பள்ளிகளுக்கு ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி, பழங்குடி மாணவர் கல்வி உதவித்தொகை என்று பழங்குடியினர் நல அமைச்சகத்துக்குத் திருப்புங்கள். கேள்வி 150 சொல்லுக்குள், 15 முழு நாள் முன்னால். ஒரு நாளுக்கு ஐந்து நோட்டீஸ் வரை கொடுக்கலாம், ஆனால் அவையில் அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்விப் பட்டியலில் மொத்தமே 20, அதற்கும் குலுக்கல் உண்டு. நீளமான முன்னுரை எழுதுவது வாத்தியார் பழக்கம், அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

கோரிமேடு:

தொகுதி நிதியில் ஏற்காடு பள்ளிக்குச் செய்ய வேண்டுமென்றால் சேலம் எம்.பி.யிடமா போவது?

ஜங்ஷன் ரோடு:

கள்ளக்குறிச்சி எம்.பி.யிடம். வருடம் 5 கோடி. அதில் குறைந்தது 15 சதவீதம் பட்டியல் சாதியினர், 7.5 சதவீதம் பழங்குடியினர் வாழும் பகுதிக்குப் பரிந்துரைக்கச் சொல்லி வழிகாட்டு நெறிமுறை இருக்கிறது. சேர்வராயன் மலைக் கிராமங்கள் அந்த 7.5-க்குள் வரும், மனுவிலேயே அதைக் குறிப்பிடுங்கள். எம்.பி. பரிந்துரைதான் செய்வார், நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். அதனால் மனுவின் ஒரு பிரதி சேலம் கலெக்டர் ஆபீஸுக்கும் போகட்டும், ஏற்காடு இருப்பது சேலம் மாவட்டத்தில்.